வளர்ப்பு நாயின் உடலில் கட்டி: கருணையும் கொல்லாமையும்

குளிப்பாட்டும்போதோ உண்ணி பார்க்கும்போதோ வளர்ப்பு நாயின் தோலுக்கடியில் எதிர்பாராமல் ஒரு கட்டி தட்டுப்படுவது உண்டு. அது முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆயினும் மருத்துவர் பதில் சொல்லி முடித்த பிறகும் ஒன்று எஞ்சும். தன் நோய் இன்னதென்று அறியாத, வலியை வாய்விட்டுச் சொல்லாத, சிகிச்சைக்குச் சம்மதமோ மறுப்போ தெரிவிக்க இயலாத ஓர் உயிருக்காக மற்றொருவர் முடிவெடுக்கிறார். அந்த முடிவுக்கு அளவுகோல் எது?

இந்தக் கேள்வி நான்காகப் பிரியும். குற்றமற்ற உயிருக்கு நோய் ஏன் வருகிறது? நாய் உண்மையில் எதை அனுபவிக்கிறது? எதுவரை சிகிச்சை தகும்? இனி வழியில்லை என்ற நிலையில் அதன் உயிரை முடித்துவைப்பது கருணையா, கொலையா? சமயங்களும் தத்துவங்களும் நான்காவது கேள்வியில் கடுமையாக முரண்படுகின்றன. அந்த முரண்பாடே பெரிதாகப் பேசப்படுவதால், முந்தைய கட்டங்களில் அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது கவனத்துக்கு வருவதில்லை.

கட்டிகளின் இயல்பு

நாயின் உடலில் தட்டுப்படும் கட்டி எல்லாம் புற்று அல்ல. உண்ணி கடித்த இடம் தடித்துப்போகலாம், சீழ் கோத்திருக்கலாம், அடிபட்டு இரத்தம் கட்டியிருக்கலாம், மயிர்க்காலை ஒட்டி நீர்க்கட்டி உருவாகியிருக்கலாம். செல்கள் பெருகி உண்டாகும் கட்டிகளிலும் பல தீங்கற்றவை. நடுவயதைக் கடந்த, உடல் பருத்த நாய்களின் விலாவிலும் மார்பிலும் மெத்தென்று நகரும் கொழுப்புக் கட்டி மிகச் சாதாரணம். லாப்ரடார், டாபர்மேன் இனங்களில் அது அடிக்கடி காணப்படும். இளம் நாய்களின் முகம், காது, கால்களில் சிவந்த பொத்தான்போல் எழும் ஹிஸ்டியோசைட்டோமா பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே மறைந்துவிடும்.

மறுபுறம் மாஸ்ட் செல் கட்டி இருக்கிறது. நாய்களின் தோலில் வரும் தீய கட்டிகளில் இதுவே மிகுதி. பாக்ஸர், பக், லாப்ரடார் உள்ளிட்ட இனங்களுக்கு இதன் ஆபத்து கூடுதல். இதற்கென்று தனித் தோற்றம் கிடையாது. கொழுப்புக் கட்டியைப் போல மெத்தென்றும் இருக்கும். பூச்சிக்கடியின் தடிப்பாகவும் தெரியும். இதன் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுவதால் அழுத்தித் தொட்டால் சிவந்து வீங்கும். ஒருநாள் பெருத்து மறுநாள் சுருங்கும். சுருங்கியதைக் கண்டு குணமாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவதும் இதனால்தான். கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களின் மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி தீயவை.

ஆகவே கண்ணும் கையும் தரும் தீர்ப்பு செல்லாது. மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே முதல் பரிசோதனை. பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் தெளிவு கிடைக்காவிட்டால் திசுவை வெட்டியெடுத்து ஆய்வார்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டி ஒரு மாதம் நீடித்தால் ஊசிப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது புற்றுநோய் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் பலர் கடைப்பிடிக்கும் விதி.

அறிந்துகொள்வதும் அறமே

திருக்குறளின் மருந்து அதிகாரம் இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பிறகே செயலில் இறங்க வேண்டும் என்பதும், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருத வேண்டும் என்பதும் அதன் வழிமுறை. மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர் என நான்கு பகுதிகளாக அது வகுக்கிறது. நோயாளி மனிதராக இருந்தால் தன் பங்கைத் தானே செய்வார்: எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, எவ்வளவு என்று சொல்வார். நாயின் விஷயத்தில் அந்தப் பங்கும் உடனிருப்பவர் தலையில் விழுகிறது. கட்டி எப்போது தட்டுப்பட்டது, எவ்வளவு வளர்ந்தது, உணவு குறைந்ததா, ஓட்டம் குறைந்ததா என்று சொல்ல வேறு யாரும் இல்லை.

அறியாமை இருவகைப்படும். அறிய வழியின்றி இருப்பது ஒன்று. வழியிருந்தும் அறிய மனம் இல்லாமல் இருப்பது மற்றொன்று. கட்டியைக் கண்டவர்கள் பலர் இரண்டாம் வகையில் சில மாதங்களைக் கழிக்கிறார்கள். புற்று என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மருத்துவமனைப் படியேற விடுவதில்லை. ஒத்திப்போடுவதால் மனிதருக்குச் சில காலம் மன அமைதி கிடைக்கிறது. அதற்கான விலையைக் கொடுப்பது நாய். சிறிய கட்டியைச் சுற்றிலும் போதிய விளிம்பு விட்டு வெட்டியெடுக்கலாம். வளர்ந்த கட்டியில், அதுவும் சதை குறைந்த கால்பகுதியில், அந்த வாய்ப்பு சுருங்கிவிடும்.

சமண நெறி இதை மிகக் கூர்மையாகப் பார்க்கிறது. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும்போது, கவனமின்மையோடு கூடிய செயலால் உயிருக்குத் தீங்கு நேர்வதையே ஹிம்சை என்கிறது. கவனம் தப்பிய இடத்தில்தான் ஹிம்சை தொடங்குகிறது. அதற்குக் கோபமோ பகையோ தேவையில்லை. இந்த வரையறையை விரித்துப் பார்த்தால், கையில் தட்டுப்பட்ட கட்டியை வேண்டுமென்றே பாராமல் விடுவதும் கொல்லாமைக்கு எதிரான நடத்தையாகிவிடுகிறது. சுண்ணாம்பு தடவுவது, கட்டியைப் பிதுக்குவது, மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுப்பது போன்ற அவசர வைத்தியங்களும் அதே கவனமின்மையைச் சேர்ந்தவை. ஐபுப்ரோஃபன் போன்ற மாத்திரைகள் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை.

குற்றமற்ற உயிருக்கு நோய் ஏன்

பரிசோதனை முடிவு தீயதாக வந்தால் எழும் முதல் புலம்பல், அது யாருக்கு என்ன பாவம் செய்தது என்பது. இந்தியச் சமயங்கள் பலவற்றின் விடை வினைக் கோட்பாடு. முற்பிறப்புகளில் சேர்ந்த வினையில் ஒரு பகுதி இப்பிறப்பில் பயன் தருகிறது. அதை நுகர்ந்தே தீர வேண்டும் என்று சைவ சித்தாந்தம் உள்ளிட்ட நெறிகள் விளக்குகின்றன. நாயின் நோயை அதன் வினைப்பயன் என்று கொண்டால், அதில் மனிதர் தலையிடலாமா என்ற ஐயம் உடனே எழும்.

இந்த ஐயத்தை இராமலிங்க வள்ளலார் நேரடியாக எதிர்கொண்டிருக்கிறார். முன்வினையால் பசித்திருக்கும் உயிருக்கு உணவளிப்பது கடவுளின் ஆணைக்கு மாறானது ஆகாதா என்ற வினாவை ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவரே எழுப்புகிறார். கொடிய குற்றவாளியைச் சிறையில் அடைத்த அரசனும் தன் சேவகர்களைக் கொண்டு அவனுக்கு உணவு கொடுக்கச் செய்கிறான் என்பதை எடுத்துக்காட்டி, வினைப்பயன் உண்டென்பதால் இரக்கக் கடமை நீங்காது என்று நிறுவுகிறார். வடலூரில் 1867ல் அவர் தொடங்கிய தருமசாலை பசிக்காக எழுந்தது. பசியோடு பிணி, தாகம், பயம் போன்றவற்றையும் உயிர்களைத் தாக்கும் துன்பங்களாக அவர் கணக்கிட்டதால், அதே வாதம் நோய்க்கும் நீளும்.

பௌத்தம் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. சம்யுத்த நிகாயத்தின் சீவக சூத்திரத்தில், மனிதர் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தான் என்ற கருத்தைப் புத்தர் மறுக்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாற்றம் முதலியவற்றாலும் துன்பம் வருகிறது. வினை பல காரணங்களுள் ஒன்று மட்டுமே என்பது அங்கே சொல்லப்படும் நிலை. இதனால் நோயைத் தண்டனையாகப் படிக்கும் பழக்கத்துக்கு இடமில்லாமல் போகிறது.

ஒரே கடவுளைப் போற்றும் சமயங்களுக்கு மறுபிறப்பு இல்லாததால் சிக்கல் இன்னும் கடினமானது. ஆதாமின் பாவத்தில் பங்கில்லாத விலங்கு ஏன் துன்புற வேண்டும் என்ற வினாவுக்கு சி. எஸ். லூயிஸ் 1940ல் வெளியிட்ட ‘வலியின் சிக்கல்’ என்ற நூலில் தனி இயலே ஒதுக்கினார். இஸ்லாமிய இறையியலில் முஃதஸிலாக்கள் என்ற பிரிவினர், விலங்குகள் பட்ட துன்பத்துக்கு மறுமையில் ஈடு உண்டு என்று வாதிட்டனர். இறைவனின் நீதியைக் காப்பதற்காகவேனும் விலங்கின் துன்பத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று அவர்கள் கருதியது குறிப்பிடத்தக்கது.

தமிழ் வீடுகளில் இன்னொரு விளக்கமும் உலவுகிறது. வீட்டாருக்கு வரவேண்டிய கண்டத்தை நாய் வாங்கிக்கொண்டது என்பார்கள். நாயைக் குடும்பத்தில் ஒருவராக உயர்த்தும் நம்பிக்கை இது. துக்கத்துக்கு ஓர் அர்த்தமும் தருகிறது. எனினும் நாயின் நோய் இதில் மனிதரைப் பற்றிய கதையாக மாறிவிடுகிறது. வலியைத் தாங்குவது நாய்தான் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

நோய் எப்படி வருகிறது என்பதும் ஏன் வருகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதற்கு நாய்களிடமே தெளிவான சான்று இருக்கிறது. இந்தியத் தெருநாய்களிடையே பரவலாகக் காணப்படும் இனச்சேர்க்கைவழித் தொற்றுப் புற்று, பிறப்புறுப்பிலும் சில வேளைகளில் தோலிலும் கட்டியாக எழுகிறது. உயிருள்ள புற்றுச் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு நேரடியாகச் செல்வதால் இது பரவுகிறது. ருஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி 1876ல் இந்தக் கட்டியை ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு மாற்றிக் காட்டினார். உலகெங்கும் உள்ள இந்தக் கட்டிகள் அனைத்தும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் செல்களிலிருந்து வந்தவை என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. வின்கிரிஸ்டின் மருந்தை வாரம் ஒருமுறை சில வாரங்கள் ஊசியாகச் செலுத்தினால் பெரும்பாலான நாய்கள் குணமடைகின்றன. எந்த வினையால் இந்த நாய்க்கு வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே இந்த நோயைத் தீர்க்க முடிகிறது. சிகிச்சை அளிக்க, ‘ஏன்’ என்பதற்கான விடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாய் எதை அனுபவிக்கிறது

விலங்குக்கு வலி உண்டா என்பதே ஒரு காலத்தில் ஐரோப்பியத் தத்துவத்தில் விவாதப் பொருளாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் டேக்கார்ட் விலங்குகளைத் தானியங்கிப் பொறிகளாகக் கருதினார். விலங்குகள் பகுத்தறிவதும் பேசுவதும் ஒருபுறம் இருக்கட்டும், அவற்றால் துன்பத்தை உணர முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்று 1789ல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலத் தத்துவவாதி பெந்தாம் விவாதத்தைத் திருப்பினார். தமிழ் மரபில் இந்தத் தொடக்கச் சிக்கலே இல்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி, தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல், கேட்டல் ஆகிய ஐந்தையும் உடையவையாக விலங்குகளை வைக்கிறது. சமணர்கள் இன்னும் ஒருபடி சென்று, நாய் போன்ற ஐம்பொறி உயிர்களுக்கு மனமும் உண்டு என்கிறார்கள்.

இன்றைய உடலியல் இந்த மரபுகளின் பக்கமே நிற்கிறது. வலியை உணரும் நரம்பு முனைகளும், மார்ஃபின் போன்ற வலிநீக்கிகள் சென்று பற்றும் இடங்களும் நாய்க்கும் மனிதருக்கும் பொதுவானவை. உணர்வுநிலைக்குத் தேவையான நரம்பமைப்பு மனிதருக்கு மட்டும் உரியதல்ல என்று நரம்பியல் அறிஞர்கள் 2012ல் கேம்பிரிட்ஜில் அறிக்கை வெளியிட்டனர். நாய் வலியைக் கத்திக் காட்டுவது குறைவு. படி ஏறத் தயங்குவது, ஓர் இடத்தையே நக்கிக்கொண்டிருப்பது, ஒதுங்கிப் படுப்பது, தொட்டால் சீறுவது ஆகியவைதான் அதன் முறையீடு.

வலி பொதுவானது; மரண பயம் அப்படியல்ல. புற்று என்ற சொல் கேட்டவுடன் வீட்டாரின் உறக்கம் போகிறது. நாய் அன்றும் வழக்கம்போல் வாசலுக்கு ஓடுகிறது. அறுவை சிகிச்சைத் தேதியை எண்ணி அது கலங்குவதாகவோ, எஞ்சிய மாதங்களைக் கணக்கிடுவதாகவோ கருத எந்தச் சான்றும் இல்லை. கட்டி தட்டுப்பட்ட வேளையில் எழும் அச்சம் முழுவதும் மனிதருடையது. அதை நாயின் துன்பமாக எண்ணிக்கொண்டு முடிவெடுத்தால் இரு பக்கமும் தவறு நேரும். தாங்கும் நிலையில் உள்ள நாயை அவசரமாக முடித்துவைப்பவரும் உண்டு. தன் பிரிவுத் துயரைத் தள்ளிப்போட, தாங்க முடியாத நிலையிலுள்ள நாயை இழுத்துப் பிடிப்பவரும் உண்டு.

எதிர்காலத்தை எண்ணாத இயல்புக்கு மறுபக்கமும் இருக்கிறது. மனிதர் ஒருவர் ஆறு மாதக் கடும் சிகிச்சையைப் பொறுத்துக்கொள்வது, மகள் திருமணத்தைப் பார்க்க வேண்டும் என்பது போன்ற ஒரு நோக்கத்துக்காக. இன்றைய வலியைக் கொடுத்து நாளைய நாளை வாங்குகிறோம் என்ற புரிதல் அவரைத் தாங்குகிறது. நாய்க்கு அந்த ஆறுதல் கிடையாது. ஊசியும் தையலும் கூண்டும் அதற்கு வெறும் வலியும் அடைப்புமே. எனவே குறுகிய காலத்தில் தீரும் வலி நீண்ட நல்வாழ்வைத் தரும் என்றால் சிகிச்சை நியாயமாகிறது. நீண்ட வலிக்குக் குறுகிய வாழ்வே கைமாறு என்றால் மனிதருக்குப் பொருந்தும் கணக்கு நாய்க்குப் பொருந்தாது.

எதுவரை சிகிச்சை

நோயுற்ற நாயைப் பேணும் வழக்கம் வேளாண்மைக்கும் முந்தையது. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசெலில் 1914ல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 14,000 ஆண்டுப் பழமையான புதைகுழியில் மனிதர்களோடு ஒரு குட்டி நாயின் எலும்புகளும் இருந்தன. பற்களில் இருந்த தடயங்களை ஆராய்ந்தவர்கள், டிஸ்டெம்பர் என்னும் கொடிய வைரஸ் நோய் தாக்கியும் அது பல வாரங்கள் உயிரோடு இருந்ததையும், மனிதர் பேணாமல் அது நடந்திருக்க முடியாது என்பதையும் 2018ல் எடுத்துக்காட்டினர். வேட்டைக்கோ காவலுக்கோ உதவ முடியாத குட்டிக்குக் கிடைத்த பராமரிப்பு அது.

அரச ஆணையாகவும் இந்தக் கடமை இடம்பெற்றிருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்கும் இருவகை மருத்துவ ஏற்பாடுகள் செய்யப்பட்டதாகக் கூறுகிறது. அவ்வேற்பாடு நடந்த நாடுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் தாம்பபர்ணி எனப்பட்ட இலங்கையையும் அது குறிப்பிடுகிறது. நாய் செய்த சேவையை நினைவுகூரும் வழக்கம் தமிழகத்தில் கல்லிலும் பதிந்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள பல்லவர் கால நடுகல், மாடு பிடிக்க வந்தவர்களோடு பொருது இறந்த வீரனோடு கோவிவன் என்ற அவன் நாயையும் காட்டுகிறது.

தூய்மை விதிகள் இந்தக் கடமையைத் தள்ளுபடி செய்வதில்லை. நாயின் உமிழ்நீர் பட்டால் கழுவ வேண்டும் என்ற விதி உள்ள இஸ்லாமிய மரபிலேயே, தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாக ஹதீஸ் உண்டு. நாயைத் தீண்டத்தகாததாகக் கருதும் இடங்கள் உள்ள மகாபாரதத்திலும், தன்னை நம்பி வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக தருமர் மறுக்கிறார். நம்பி வந்ததைக் கைவிடலாகாது என்பதே அவர் சொல்லும் காரணம். ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட், விலங்குகளிடம் மனிதருக்கு நேரடிக் கடமை எதுவும் இல்லை என்று கருதியவர். அவரும், நெடுநாள் உழைத்த நாயைச் சாகும்வரை வைத்துப் பேண வேண்டும், பயனில்லை என்று சுட்டுக் கொல்பவர் தம் மனிதத்தன்மையையே சிதைத்துக்கொள்கிறார் என்று விரிவுரைகளில் கூறினார்.

அப்படியானால் எவ்வளவு சிகிச்சை? கால்நடைப் புற்றுநோய் மருத்துவம் இதற்குத் தெளிவான கொள்கை வைத்திருக்கிறது. நாய்க்கு அளிக்கும் கீமோதெரபி பெரும்பாலும் நோயை அடக்கி நல்ல நாட்களை நீட்டிக்க முயல்வது. அதனால் மருந்தளவு மனிதர்களுக்குக் கொடுப்பதைவிட மிதமாக இருக்கும்; பக்கவிளைவுகளும் குறைவு. கால் ஒன்றை அகற்ற நேர்ந்தாலும் பெரும்பாலான நாய்கள் விரைவிலேயே மூன்று காலில் ஓடப் பழகிவிடுகின்றன. உருவம் குறைந்ததே என்ற வருத்தம் பார்ப்பவருக்குத்தான். வயதாகிவிட்டது என்பதை மட்டும் காரணமாக்கிச் சிகிச்சையை மறுப்பதும் சரியல்ல. இதயமும் சிறுநீரகமும் தாங்குமா என்பதே பார்க்க வேண்டியது.

பணமும் அறக் கேள்விதான். விலங்குகளை வீணே துன்புறுத்துவது மனித மாண்புக்கு மாறானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் சொல்கிறது. மனிதத் துயரைத் தீர்க்கச் செலவாக வேண்டிய பணத்தை விலங்குகள்மேல் கொட்டுவதும் தகாது என்று அதே இடத்தில் சேர்த்துக்கொள்கிறது. இரண்டும் மோதும் சந்தர்ப்பம் நடைமுறையில் குறைவு. ஊசிப் பரிசோதனையும் தொடக்கநிலைக் கட்டியை அகற்றுவதும், முற்றிய பிறகு செய்யும் பெருஞ்சிகிச்சையோடு ஒப்பிடச் சிறு செலவுதான். அதுவும் இயலாதவருக்குக்கூட வலியைத் தணிப்பது, புண்ணில் ஈ மொய்க்காமல் காப்பது, உண்ணும்வரை ஊட்டுவது என்ற அளவில் கடமை எஞ்சியே இருக்கிறது.

முடித்துவைப்பது தகுமா

எல்லா வழியும் அடைபட்ட பின் எழும் கேள்வி இது. சமணம் மறுக்கிறது. தானே உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சல்லேகனை சமணத்தில் உயர்ந்த நோன்பு. அதற்கு அடிப்படை அந்த உயிரின் சொந்த உறுதி. அதை இன்னொருவர் செய்துவைக்க முடியாது. ஆகவே குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் பாஞ்சராப்போல்கள் எனப்படும் விலங்குக் காப்பகங்கள் நோயுற்ற விலங்குகளை இயற்கையாக இறக்கும்வரை வைத்துப் பேணுகின்றன.

பௌத்தத் துறவிகளுக்கான விதித் தொகுப்பாகிய விநயத்தில் நுட்பமான ஒரு வழக்கு பதிவாகியுள்ளது. நோயுற்ற துறவி ஒருவரிடம், இரக்கத்தால் உந்தப்பட்ட பிற துறவிகள் மரணத்தைப் புகழ்ந்து பேச, அவர் இறந்துபோனார். இரக்கத்தால் செய்தபோதும் அது சங்கத்திலிருந்து நீக்கத்தக்க குற்றம் என்றே தீர்ப்பானது. விலங்கைக் கொல்வது துறவிக்கு அதைவிடக் குறைந்த குற்றம், ஆனால் குற்றமே. கொல்லும் கணத்தில் மனத்தில் வெறுப்பின் சாயல் இல்லாமல் இருக்க முடியாது என்று அபிதம்ம மரபு கருதுகிறது. அந்த வெறுப்பு நாயின்மேல் இல்லாவிட்டாலும், காணச் சகியாத அதன் வலியின்மேல் இருக்கும். யாருடைய வேதனையை முடிக்க இந்த முடிவு என்று கேட்டுக்கொள்ள இந்தப் பகுப்பாய்வு ஒவ்வொருவரையும் கட்டாயப்படுத்துகிறது.

அகிம்சை மரபுக்கு உள்ளிருந்தே மாற்றுக் குரல் எழுந்தது 1928ல். சபர்மதி ஆசிரமத்தில் தீராத நோயால் துடித்த கன்றுக்குட்டி ஒன்றை மருத்துவர் மூலம் ஊசி போட்டு முடிக்கச் செய்தார் காந்தி. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சினத்தாலோ தன்னலத்தாலோ உயிர் எடுப்பதுதான் ஹிம்சை, துன்புறும் உயிரின் நன்மை ஒன்றையே கருதிச் செய்வது, நோயாளியின் நலனுக்காக அறுவை செய்யும் மருத்துவரின் செயலை ஒத்தது என்று அவர் வாதிட்டார். அதற்கு நான்கு நிபந்தனைகளையும் வைத்தார்: நோய் தீராததாக இருக்க வேண்டும், பிழைக்கும் என்ற நம்பிக்கையை அனைவரும் இழந்திருக்க வேண்டும், எந்த உதவியும் பணிவிடையும் பயன்படாத நிலை வந்திருக்க வேண்டும், அந்த உயிர் தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாததாக இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் காந்தியின் பக்கம் சாய்கிறது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற வலி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகிவிட்ட விலங்கை முடித்துவைக்க அதன் 13ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவில், துன்பத்துக்கு ஆளாகும் நிலையில் விலங்கைக் கைவிடுவது குற்றம். கொல்ல மனம் வராமல், கட்டி புண்ணாகிய நாயைத் தொலைவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருபவரைச் சட்டம் மட்டுமல்ல, மேலே கண்ட எந்த நெறியும் ஏற்காது. சமணர் மறுப்பது கொலையை. அந்த மறுப்போடு கடைசிவரை பேணும் பொறுப்பையும் அவர்கள் ஏற்கிறார்கள். பொறுப்பை ஏற்காத மறுப்புக்கு அறத்தில் இடமில்லை.

மருத்துவர் செய்யும் கருணை முடிவில் மயக்க மருந்து மிகையளவில் செலுத்தப்படுகிறது. நாய் நினைவிழந்து சில நிமிடங்களில் இறந்துவிடும். எப்போது அந்தக் கட்டம் வந்தது என்பதைத் தீர்மானிக்க, அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஏழு அம்ச அட்டவணை ஒன்றை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்ற ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு, மொத்தம் 35க்கு மேல் இருக்கும்வரை பேணுவது தகும் என்பது அதன் முறை. அறக் கேள்விக்கு எண் விடையாகாது. வீட்டாரின் துயரை ஒதுக்கிவைத்து நாயின் அன்றாடத்தைப் பார்க்க வைப்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

தொகுப்பு

இறுதி ஊசி தகுமா என்ற ஒன்றில் சமணமும் காந்தியும் ஒன்றுபடப் போவதில்லை. அவரவர் நெறியில் நின்று அவரவர் தீர்மானிக்க வேண்டிய இடம் அது. அதற்கு முன்னுள்ள கடமைகளில் இத்தகைய பிளவு இல்லை. கவனித்துப் பார்ப்பது, அறிந்துகொள்வது, வலியைத் தணிப்பது, கைவிடாதிருப்பது, நாயின் துன்பத்தை நாயின் அளவில் எடைபோடுவது ஆகியவற்றை வினையை நம்புபவரும் நம்பாதவரும் ஒருசேர ஏற்கிறார்கள். நாய்கள் பெரும்பாலும் துன்புறுவது கருணைக்கொலை பற்றிய சமய முரண்பாட்டால் அல்ல. கண்ட கட்டியைக் காட்டாமல் கழித்த மாதங்களால். ஆகையால் மாதம் ஒருமுறையேனும் காது முதல் வால்வரை தடவிப் பார்த்து, எதுவும் தட்டுப்பட்டால் இடத்தையும் அளவையும் தேதியையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுவது நாய் வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் உரிய முதற் கடமை.